நான் பார்த்ததாகச் சொன்ன நாய்

வசந்தம் என்றால் பூ என்று நினைப்பவர்கள் மார்ச் மாதம் எங்கள் வெர்மான்ட் பக்கம் வந்து பார்க்க வேண்டும். இங்கே பனி இளகியதும் முதலில் தலைகாட்டுவது நாய்ப் பீ. நான்கு மாதமாக அடுக்கடுக்காக உறைந்து கிடந்ததெல்லாம் ஒரே வாரத்தில் கரைந்து பாதை நெடுக நாறும். பாகு காய்ச்ச மேப்பிள் மரத்தில் மாட்டிய வாளியில் சாறு சொட்டுகிறதே, கருங்குருவி வந்துவிட்டதே என்று அண்ணாந்தீர்களோ, பூட்ஸ் அதற்குள் இறங்கிவிடும்.

அத்தனையும் ஜூனோவின் வேலை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஜூனோ எதிர்வீட்டு வெஸ்லி வளர்க்கும் ஹஸ்கி நாய். வெஸ்லி பாஸ்டனிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கயிறும் கையுமாகத்தான் நாயை நடத்துவான், பை வைத்து அள்ளுவான், இருந்தும் நான் நம்பவில்லை. "நீ நாயை நடத்துறியா, நாய் உன்னை நடத்துதா?" என்று கடையில் வைத்தே கேட்டிருக்கிறேன். என் நாய் பட்டனுக்குக் கயிறே கிடையாது. விடியலில் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டால் சுற்றிவிட்டு அதுவாக வந்துவிடும். உள்ளூர் நாய்க்கு எதற்குக் கயிறு என்பது இங்கே எல்லோருடைய நினைப்பும்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டனோடு ஓடைப் பக்கம் நடந்தபோது அந்த மானைப் பார்த்தேன். சினை மான். உறைந்த பனி நாயைத் தாங்கும். மானின் குளம்பு உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். சிக்கிய இடத்திலேயே, உயிரோடு, பின்பக்கத்திலிருந்து தின்னப்பட்டிருந்தது. வயிறு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த குட்டியைக் காணோம். சுற்றிலும் நாயின் காலடிகள். பட்டன் ரத்தம் படிந்த பனியை நக்கப் போனது. சீ என்று விரட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வனக்காவலர் ராய்ஸுக்குப் போன் போட்டு மான் கிடந்ததைச் சொன்னேன்.

"வெஸ்லி நாய்தான்."

"பார்த்தீங்களா, இல்ல சும்மா சந்தேகமா? நான் கொண்டுபோனா அந்த நாய் திரும்பி வராது, சொல்லிட்டேன்."

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பார்க்கவில்லை. ஆனால் சொல்லும்போது பார்த்த மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டிருந்தபோது பட்டன் முதுகை வளைத்து ஓக்கரித்தது. தரையில் கொட்டியது பழுப்பு முடிக்கற்றை, சளி, நடுவில் விரல் நகமளவு ஒரு குளம்பு. பிறக்காத குட்டியின் குளம்பு. கெட்டிப்படவே இல்லை, ரப்பர் போல இருந்தது. நேற்று விடியலில் பட்டன் நேரம் கழித்து வந்ததும், வைத்த சாப்பாட்டைத் தொடாததும் அப்போதுதான் உறைத்தது. இந்த வாய்தான் முந்தின நாள் முழுக்க என் கன்னத்தை நக்கியது. பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து நானும் வாந்தியெடுத்தேன்.

துடைக்கத் துணி எடுத்தேன். துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் தரையில் கிடந்ததைவிட என் மேலேயே அதிக அருவருப்பு வந்தது. எதிர்வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ராய்ஸ் ஜூனோவை வண்டிக் கூண்டில் ஏற்றியிருந்தார். வெஸ்லி வெறுங்காலோடு சேற்றில் நின்றான்.

"டெல்ஃபீன், நீங்களே சொல்லுங்க. நேத்து காலையில ஏழு மணி வரைக்கும் இவ என் கட்டில்லதான் கிடந்தா. வேற நாயா இருக்கலாம்ல? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"அந்தம்மா பார்த்துட்டுதான் சொன்னாங்க தம்பி. அவங்கள நச்சரிக்காதே" என்றார் ராய்ஸ்.

"நான் பார்க்கல, ராய்ஸ்."

"என்னது?"

"பொய் சொன்னேன். மானைக் குதறினது என் பட்டன். தின்னதை இப்பதான் அடுப்படியில கக்கியிருக்கு. துடைக்காம விட்டிருக்கேன், வந்து பாருங்க."

வெஸ்லி என்னைப் பார்த்தான். மிதித்துவிட்ட எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ராய்ஸ் ஜூனோவை இறக்கி அவன் கையில் கொடுத்தார். பிறகு என் வீட்டை நோக்கி நடந்தார். கூண்டுக் கதவை அவர் சாத்தவில்லை.