பொங்கக் கூடாத பானை

தைப்பொங்கலன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின், அதாவது வரிசை வீடுகளின், வாசலில் பானை அடுப்பேறிய நேரம், மாப்பிள்ளை விஜிதரன் ஜப்பான் கடலிலிருந்து வீடியோ கோல் எடுத்தார். அவருக்கு இது முதல் கப்பல். எனக்கோ கப்பல் என்ஜின் அறையில் முப்பத்தொரு வருஷம். நான் குடித்த கடலை ஊற்றினால் மேல் கொத்மலை அணை இரண்டு தடவை நிரம்பும்.

"மாமா, கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெசின்ல வர்றதெல்லாம் உப்பா இருக்குங்க. டேங்க்ல ஒரு நாளைக்குத்தான் தண்ணி. பன்னெண்டு மணிக்குள்ள சரியாக்கலன்னா அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுருவேங்கிறாரு சீஃப் என்ஜினியர்."

மகள் தனுஜாவின் கையில் அகப்பை நின்றுவிட்டது. "அங்க இப்ப மணி என்னங்க?"

"பதினொன்னு இருபது."

அந்த மெசினுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்; அதுதான் வெக்குவம். காற்றின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் ஐம்பது டிகிரிக்குள்ளேயே கொதிக்கும்; அந்த ஆவி குளிர்ந்தால் நல்ல தண்ணீர். எங்கள் மலையில் தண்ணீர் கொழும்பை முந்திக்கொண்டு கொதிப்பதும் இதனால்தான். ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு; பருப்புதான், தீபாவளிக்குப் போட்டால் பொங்கலுக்கு வேகும்.

"வெக்குவம் எவ்வளவு மாப்ள?"

"சூப்பர் மாமா! மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போயிருச்சு. கண்ணாடியில பார்த்தா மேல வரைக்கும் நொரையா பொங்குது. நல்ல நாளும் அதுவுமா பொங்குதேன்னு நான் அதுல கையே வைக்கல."

அந்நேரம் எங்கள் பானையும் பொங்கி வழிந்தது. லயமே "பொங்கலோ பொங்கல்!" என்று கூவ, நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அடப்பாவி மாப்ள! அது பொங்கினா உப்புத் துளியும் ஆவியோட ஏறிடும். அங்க கடல் ஐஸ் மாதிரி குளிருது, ஆவி சட்டுனு தண்ணியாகிடுது, அதான் வெக்குவம் அளவுக்கு மிஞ்சிருச்சு. காத்து வால்வ ஒரு நூல் தொறங்க!"

பதற்றத்தில் அரைச் சுற்றுத் திறந்துவிட்டார்.

"மாமா, முள்ளு விழுகுது! கொதியே அடங்கிருச்சு!"

"மூடுங்க! மூடிட்டு, தலைமுடி அளவு மட்டும் விடுங்க!"

படம் உறைந்தது. கோல் அறுந்தது. பானையை யாரும் கிண்டவில்லை. அடிப்பிடித்த வாசம் திம்புள்ள ஊர் வரைக்கும் போயிருக்கும். தனுஜா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷம்; எனக்குப் பத்து வயசு கூடிவிட்டது.

போன் அடித்தது.

"உப்பு மீட்டர் அறுபதுல இருந்து இறங்குதுங்க... முப்பது... பன்னெண்டு..."

"பத்துக்குக் கீழ வரணும்."

"எட்டு! அலாரம் நின்னுருச்சு மாமா! தண்ணி டேங்குக்குப் போகுது!"

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க," என்றாள் தனுஜா.

குடித்தார். முகத்தைச் சுளித்தார். "சப்புன்னு இருக்கு."

"சப்புன்னா? அப்ப உப்பில்ல, வேலையும் போகல!" என்று குதித்தாள் மகள்.

இருந்தது ஒரே பானைதான்; ஆனாலும் கருகின பொங்கலை அன்று நான் ஒருவனாகவே மூன்று பானை தின்றேன்.