இன்னொரு பார்ட்டி

கண்ணாடிக் கடைக்காரிக்குப் பொறுமைசாலி என்று பெயர். இருபது ஃப்ரேமை மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "பழையதே நல்லா இருக்கு" என்று எழுந்து போகிறவர்களைக்கூடச் சிரித்த முகத்தோடு அனுப்பிவைப்பாள். அந்தப் பொறுமையை மூன்றே வாரத்தில் கரைத்துவிட்டார் வீட்டுத் தரகர்.

வாங்கி வாடகைக்கு விடலாம் என்று அவள் கண்வைத்தது ஒரு மாடி வீடு. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், பேருந்து நிறுத்தம் கூப்பிடு தூரம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அறுபது லட்சம் சொன்னவரைப் பேசிப் பேசி ஐம்பத்தைந்துக்கு இறக்கியிருந்தாள். மறுநாள் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு. அன்று மாலையே தரகர் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இன்னொரு பார்ட்டி ஐம்பத்தாறு தர்றேங்குது."

பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பத்தேழு என்றாள். அடுத்த வாரமே அந்தப் பார்ட்டி ஐம்பத்தெட்டுக்குப் போனது.

"அப்படி ஒரு பார்ட்டி நிஜமாவே இருக்கா? இல்ல, நீங்களா கிளப்பி விடுறீங்களா?"

"சத்தியமா இருக்கும்மா. வேற தரகர் கூட்டிட்டு வர்றாரு. நான் ஆளையே பார்த்ததில்ல."

தினமும் கடையைப் பூட்டியதும் அக்காவிடம் ஃபோனில் புலம்பித் தீர்ப்பாள். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். "விட்டுத் தொலைடி. சுவரெல்லாம் ஈரம்னு நீயே சொன்னே. அந்த வீடு உனக்கு எதுக்கு?" என்பாள்.

குறை ஏதாவது கண்டுபிடித்தால் விலையை இறக்கலாமே என்று ஞாயிறு காலை மறுபடி மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டபடி ஒருவர் உள்சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை வெளியே வந்தது. அக்காவின் கணவர்.

"அத்தான், நீங்க எங்க இங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் படி அறையிலிருந்து அளவு டேப்போடு அக்கா வந்தாள். தங்கையைக் கண்டதும் டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது.

"எங்களுக்கும் ஒரு வாடகை வருமானம் வேணாமாடி?"

"அதுக்கு நான் பார்த்த வீடுதான் கிடைச்சுதா?"

"நீ பார்த்தா தப்பா இருக்காதே. அந்த நம்பிக்கைதான்."

"ஐம்பத்தேழுக்கு மேல போக மாட்டேன்னு உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்!"

"அதனாலதான் ஐம்பத்தெட்டு கேட்டோம்."

தலையில் அடித்துக்கொள்ளக் கை போதாது போலிருந்தது அவளுக்கு. அந்த நேரம் பார்த்து வாத்தியார் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ரெண்டு பார்ட்டியும் வந்தாச்சா? அப்ப ஐம்பத்தெட்டுலேர்ந்து பேசலாமா?"

"ஒரே பார்ட்டிதான் சார். இவ என் கூடப் பிறந்தவ. சேர்ந்துதான் வாங்கறோம். ஐம்பத்தஞ்சு" என்றாள் தங்கை.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"அம்மா, ஐம்பத்தெட்டுன்னு..."

"அது எங்களுக்குள்ளயே நடந்த ஏலம் சார். வேற யாராவது வந்தா தாராளமா அவங்களுக்குக் குடுங்க."

வாத்தியார் இரண்டு நாள் யோசித்தார். வேறு யாரும் வரவில்லை. ஐம்பத்தைந்தரைக்குப் பத்திரம் முடிந்தது, இருவர் பெயரிலும் சரிபாதியாக. தரகர்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கமிஷன் அழ வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில் தங்கை ஒரு மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேல் குடித்தனம் காலியானபோது இருவரும் போயே ஆகவேண்டியிருந்தது. வெற்று அறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். முதலில் வீடு பார்க்க வந்த நர்ஸ், சமையலறைக் குழாயைத் திறந்து மூடிவிட்டு, வாடகையில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்கா தங்கையை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. அவகிட்டயே கேளுங்க."