ஏழாவது ஆள்

புகையேற்றிய கண்ணாடியில் ஊசியால் கீறி, தலைகீழாகத் திருப்பி மிஷினுக்குள் செருகினால், எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் எழுத்து நேராக நிற்கும். சங்கரன்கோவில் டூரிங் டாக்கீஸில் துரைப்பாண்டிக்கு இதுதான் பிழைப்பு. 'இடைவேளை', 'புகை பிடிக்காதீர்' எல்லாம் அவன் கைவேலை. எழுபத்தெட்டாம் வருச ஆடித்தபசுக் கபடிப் போட்டிக்கு அந்த மிஷினையே மைதானத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். துணியில் மேலே இரண்டு அணிகளின் புள்ளி, கீழே களத்துக்குள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கு. ஒரு ஆள் அவுட்டானால் உடனே புதுக் கண்ணாடி. ஆடுகிறவனும் சரி, வேடிக்கை பார்க்கிற சனமும் சரி, அண்ணாந்து பார்ப்பது அந்தத் துணியைத்தான். நடுவர் நாறும்பூநாதன் வாத்தியாரே அதைப் பார்த்துவிட்டுத்தான் விசிலை வாயில் வைத்தார்.

பொழுது அடைந்ததும் இறுதி ஆட்டம். சிவகிரிக்கு எதிராக மேலநீலிதநல்லூர், துரைப்பாண்டியின் சொந்த ஊர். அவன் தம்பி கருத்தப்பாண்டி இடது மூலையில் நின்று ஆடிய அணி. கணுக்காலைப் பிடித்தானென்றால் எமனே வந்தாலும் விடமாட்டான். போன புரட்டாசியில் மழைக்குப் பனைமரத்தடியில் ஒதுங்கினவன்மேல் இடி விழுந்தது. என்ன அநியாயம்! வருசம் திரும்புகிறவரை அந்த மூலைக்கு வேறு ஆள் போடுவதில்லை என்று பயல்கள் பேசி முடித்து, ஆறு பேராகவே ஆடினார்கள். மூலைக் கோட்டுக்கு வெளியே அவன் பனியன் மடித்து வைத்திருந்தது.

துரைப்பாண்டி முதல் கண்ணாடியில் ஏழு என்று கீறிவிட்டான். தம்பியையும் சேர்த்தே எண்ணிப் பழகின கை. துணியில் ஏழு விழுந்த பிறகுதான் கவனித்தான். மாற்றிவிடலாம் என்று அடுத்த கண்ணாடியை எடுத்தவன், முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்துவிட்டான். முத்துமாரியம்மாளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். துணியில் ஏழைப் பார்த்தாள், களத்தில் ஆறு பேரைப் பார்த்தாள், அப்புறம் காலியாகக் கிடந்த மூலையைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து மாசமாகச் சிரிக்காத முகம் அது. அவனுக்கு மாற்ற மனசு வரவில்லை. ஆள் குறையக் குறைய, தம்பியை விட்டுவிடாமல் சேர்த்தே எழுதினான்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், ஊர்ப் பயல்களில் கடைசியாக நின்ற தங்கசாமியும் அவுட். அவர்கள் பக்கக் களத்தில் ஈ காக்கா இல்லை. மேலநீலிதநல்லூர் இன்னும் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஆனால் எல்லோரும் அவுட் என்று ஆகிவிட்டால் சிவகிரிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி, கோப்பையும் அவர்களுக்கே. துணியில் ஒன்று நின்றது.

"ஏலே துரை, சைபரைப் போடுல! யாரு நிக்கான்னு ஒண்ணு போட்டிருக்க?" என்று கத்தினான் சிவகிரி சங்கரசுப்பு.

சைபர் கீறிய கண்ணாடி துரைப்பாண்டி கையில் தயாராகத்தான் இருந்தது. செருகினால் தம்பி அவுட். அவன் அசையவில்லை.

வாத்தியார் துணியைப் பார்த்தார். இடது மூலையை ரொம்ப நேரம் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். "துணியில ஒண்ணு நிக்குல்லா. பாடிப் போடே."

சங்கரசுப்பு சிரித்துக்கொண்டே கபடி பாடிப் போனான். சும்மா போய்த் திரும்பியிருக்கலாம். குசும்பு யாரை விட்டது? மூலைவரை போய், பனியனை எட்டித் தொடக் காலை நீட்டினான். நீட்டின கால் திரும்பி வரவில்லை. குப்புற விழுந்தான். கையால் மண்ணைப் பறண்டினான், நடுக்கோட்டுக்கு ஒரு சாண்கூட நகர முடியவில்லை. பாட்டு இழுத்து, தேய்ந்து, நின்றது. வாத்தியார் விசில் ஊதினார்.

"விட்டுராத மக்கா!" என்று எழுந்து நின்றாள் முத்துமாரியம்மாள்.

பனையோலை கருகின வாசனை வந்தது.

"அதான் ஊதியாச்சுல்லா," என்று அழுதான் சங்கரசுப்பு. அவன் கணுக்காலைச் சுற்றித் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. "அண்ணாச்சி, காலை விடச் சொல்லுங்க... காலை விடச் சொல்லுங்க..."

வாத்தியார் துரைப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். சனம் மொத்தமும் பார்த்தது. அம்மாவும் பார்த்தாள், இப்போது சிரிக்கவில்லை. சைபர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

துரைப்பாண்டி கண்ணாடியை மிஷின் வாயருகே கொண்டுபோனான். பழக்கத்தில் விரல்கள் அதைத் தலைகீழாகத் திருப்பின. எப்படித் திருப்பினாலும் அது சைபராகவே இருந்தது.