சி பிளாக் லிஃப்டின் கேபிள்

நூர்ஜானின் சமையலறை அலமாரியை ஹனீபா திறந்தபோது அவள் தடுக்கவில்லை. தடுத்தால், ஒளித்து வைத்திருக்கிறாள் என்பார்கள். அரிசி டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, பழைய பிஸ்கட் டின் என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார் அவர். கூட வந்த இரண்டு ஃபிளாட் கமிட்டி ஆட்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டிலுக்குக் கீழயும் பாத்துருங்க,” என்றாள் நூர்ஜான். “அவ்ளோ பெரிய கேபிள மிளகாத்தூள் டப்பாவுலயா போட்டு வைப்பேன்?”

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எல்லார் வீட்டையும்தான் பாக்கறோம்.”

“இதுவரைக்கும் எத்தன வீடு பாத்தீங்க?”

ஹனீபா அலமாரிக் கதவைக்கூட மூடாமல் படுக்கையறைக்குள் போனார்.

ஜெலுத்தோங்கில் பதினேழு மாடி ஃபிளாட் அது. சி பிளாக்கில் இரண்டு லிஃப்ட். ஒன்று போன நோன்புப் பெருநாளுக்கு முன்பே படுத்துவிட்டது. மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றது. பழுது பார்க்க வந்தவன், லிஃப்ட் பெட்டியோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடும் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னான். புதுசு வெளியூரிலிருந்து வர வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயந்தரமே, தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து ஹனீபா பேசினார். அவர்தான் கமிட்டித் தலைவர். பெயர் எதையும் சொல்லவில்லை. “கேபிள் உரிச்சு செம்பு எடுக்கிற வேல நம்ம பிளாக்குல யாரு செய்றாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல,” என்றார். அறுபது எழுபது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

நூர்ஜானுக்கு வயது நாற்பத்தாறு. ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தாள். ஒரே மகள் ஐனாவைக் கட்டிக்கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆறு வருடமாக, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் தன் தம்பி சிக்கந்தர் வைத்திருக்கும் பழைய இரும்புக் கடையில் ஒயர் உரித்து வந்தாள். விரல்களில் எந்நேரமும் பிளாஸ்டர் இருக்கும். நகக்கண்ணில் படிந்த கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. அந்த நகங்களைத்தான் அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

“லிஃப்ட் மெஷின் ரூம் பூட்டு உடஞ்சிருந்துச்சா?” என்று கேட்டாள் அவள். “உடையலன்னா சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“அதெல்லாம் போலீஸ் பாத்துக்கும் அக்கா,” என்று ஹனீபா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டைச் சோதனை போட்ட மறுநாள் காலையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோராவது மாடி ஹபீபா பீவிக்கு வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நாலு ஆண்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் நூர் ஃபாத்திஹா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். வேலைக்குக் கிளம்பி வந்த நூர்ஜான், எதிரே நின்றாள்.

ஹபீபா பீவி அவளை ஏறிட்டுப் பார்த்தார். நோன்புக் கஞ்சி பரிமாறிக்கொள்ளும் இருபது வருடப் பழக்கம் அவர்களுடையது.

“நூர்ஜான், நீ இல்லதானே?”

“நான் இல்லக்கா.”

“அதான் நானும் சொன்னேன்,” என்றார் ஹபீபா பீவி. நூர் ஃபாத்திஹா சுவரைப் பார்த்தபடி நின்றாள். நாற்காலியை மறுபடி தூக்கினார்கள்.

திருடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள். இப்படிக் கேட்டதற்கு என்ன செய்வது? பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே திட்டிக்கொண்டு போனாள். ஹனீபாவை, கமிட்டியை, திரும்பிய அறுபது தலைகளை, எவனோ தெரியாத அந்தத் திருடனை.

கடையில் சிக்கந்தர் நாலு சாக்குகளை அவளுக்காக எடுத்து வைத்திருந்தான். “இத முதல்ல முடிச்சிரு அக்கா. மத்தியானம் லாரி வருது.”

உரிக்கும் மெஷின் என்பது பெரிய விஷயமில்லை. இரண்டு உருளை, நடுவில் ஒரு பிளேடு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒயரின் நுனியைக் கொடுத்துச் சுற்றினால் ரப்பர் தோல் நீளமாகக் கீறிக்கொண்டு மறுபக்கம் வரும். அதைப் பிடித்து இழுத்தால் செம்பு தனியே வந்துவிடும். நெருப்பில் போட்டுத் தோலை எரிப்பவர்களும் உண்டு. எரித்த செம்பு கறுத்துப்போகும், விலை இறங்கும். உரித்த செம்புதான் பளபளவென்று இருக்கும். அதற்காகத்தான் சிக்கந்தருக்கு அக்கா தேவைப்பட்டாள். அவள் கை உரித்தால் ஒரு இழைகூட வீணாகாது.

அன்று வந்தவை மெல்லிய ஒயர்கள். வெளித்தோலை ஏற்கெனவே கிழித்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்தவற்றை மட்டும் கத்தை கத்தையாகக் கட்டியிருந்தார்கள். எல்லா ஒயரிலும் சின்னச் சின்ன எண்கள் அச்சடித்திருந்தன. கோபத்தில் கை வேகமாக ஓடியது. பதினோரு மணிக்குள் இரண்டு சாக்கு காலி. மூன்றாவது சாக்கின் அடியில் கை விட்டபோது, முழங்கை நீளத்தில் ஒரு துண்டு வந்தது. அதில் மட்டும் வெளித்தோல் அப்படியே இருந்தது. பெல்ட் மாதிரித் தட்டையான கறுப்புத் தோல். அதைச் சுற்றி வெள்ளை டேப். டேப்பின் மேல் மார்க்கர் பேனாவில் யாரோ மலாயில் எழுதியிருந்தார்கள்: பிளாக் சி, லிஃப்ட் 2. கீழே அவளுடைய ஃபிளாட்டின் பெயர்.

நூர்ஜான் அதை மூன்று முறை படித்தாள். காலையிலிருந்து அவள் உரித்துப் போட்ட செம்பு பக்கத்தில் குவிந்து கிடந்தது. ஹபீபா பீவி நாற்காலியில் இறங்கிக்கொண்டிருந்த அதே காலையில், அவள் உட்கார்ந்து அவருடைய லிஃப்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சிக்கந்தர்!”

தராசுப் பக்கம் நின்றிருந்த தம்பி அந்தக் குரலைக் கேட்டு ஓடி வந்தான். அவள் துண்டை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அவன் படித்தான். முகம் மாறியது, ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்கு மாறவில்லை.

“எங்க இருந்துடா வந்துச்சு?”

“கத்தாதக்கா. ஆளுங்க இருக்காங்க.”

“எங்க இருந்து?”

“ஃபிக்ரின்னு ஒருத்தன். முன்ன லிஃப்ட் வேல செஞ்சவன்லா. வேன்ல கொண்டாந்தான். எந்த ஃபிளாட்டுன்னு நான் கேக்கல.”

“அவன் ஐசி கார்டப் பாத்தியா? பேர புக்குல எழுதினியா?”

“எல்லாத்துக்கும் எழுதிக்கிட்டு இருந்தா கட நடத்த முடியுமா? நான் வாங்கலன்னா பக்கத்துல வாங்குவான்.”

“லிஃப்ட் கேபிள்னு தெரியுமா தெரியாதா?”

சிக்கந்தர் தராசுப் பக்கம் திரும்பினான்.

“தெரியும்,” என்றாள் அவளே. “வெளித்தோல கிழிச்சது நீதான். என் கண்ணுல படக்கூடாதுன்னு கிழிச்சியா, இல்ல பழக்கமா? என் வீட்டுக்குள்ள பூந்து அலமாரிய தொறந்தாங்கடா! உன் அக்காவத் திருடின்னு சொல்லி கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. நேத்து போன்ல அழுதேனே, அப்பவும் இந்த சாக்கு இங்கதானே கெடந்துச்சு?”

“உன் ஃபிளாட்டுன்னு சத்தியமா தெரியாதுக்கா.”

“வேற ஃபிளாட்டா இருந்தா பரவால்லயா?”

அவள் உரிக்காத ஒயரையும் உரித்த செம்பையும் ஒரே பெரிய சாக்கில் திணித்துக் கட்டினாள். தட்டைத் துண்டைக் கைப்பையில் வைத்தாள். சிக்கந்தர் சாக்கின் மறுமுனையைப் பிடித்தான். “யோசிச்சுப் பாரு. இதோட நீ போய் நின்னா உன்னத்தான் பிடிப்பாங்க. என் லைசென்ஸும் போயிரும். ஷாஹிராவும் புள்ளைங்களும் என்ன செய்வாங்க?”

“இத நீ வாங்குறப்ப நெனச்சிருக்கணும். விடு.”

அவன் விடவில்லை. மேசையில் கிடந்த பிளேடை எடுத்து, அவன் பிடித்திருந்த மூலைக்குக் கீழே சாக்கைக் கிழித்தாள். மூலை அவன் கையோடு போயிற்று.

மோட்டாரின் பின்னால் ரப்பர் கயிறு போட்டுக் கட்டி, பாலத்தைத் தாண்டி அவள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் சூராவு என்னும் தொழுகைக் கூடத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஹனீபாவும் இருந்தார். நூர்ஜான் சாக்கை இழுத்துவந்து தபால் பெட்டிகளுக்கு முன்னால் கொட்டினாள். ஒயரும் செம்பும் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடின.

“பாத்தீங்களா!” என்று ஹனீபா கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்ல!”

“போலீஸுக்குப் போன் போட்டாச்சு. வந்துகிட்டு இருக்காங்க,” என்றாள் நூர்ஜான். “வர்ற வரைக்கும் எல்லாரும் கேளுங்க. இத வாங்குனது என் கூடப்பொறந்த தம்பி சிக்கந்தர். பாதிய உரிச்சது நான். தெரியாம உரிச்சேன். இத அவன்கிட்ட வித்தது ஃபிக்ரின்னு ஒருத்தன்.”

ஃபிக்ரி என்ற பெயரைக் கேட்டதும் ஹனீபாவின் கை தானாகக் கீழே இறங்கியது. கூட்டத்தில் பலரும் அதைக் கவனித்தார்கள். கவனித்தவர்களில் கமிட்டிக் கணக்காளர் முஸ்தஃபாவும் ஒருவர்.

“ஹனீபா அண்ணே,” என்றார் முஸ்தஃபா மெதுவாக. “மெஷின் ரூமக் கழுவி எண்ணெ போடுறதுக்குன்னு, போன வாரம் கம்மி கூலிக்கு ஒரு ஆளக் கூட்டியாந்தீங்களே. அவன் பேரு என்ன?”

ஹனீபா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “லிஃப்ட் கம்பெனி சட்ட போட்டிருந்தான். நல்ல பையனாத் தெரிஞ்சான்.”

“சாவியக் குடுத்தீங்களா?” என்று நூர்ஜான் கேட்டாள்.

“ரெண்டு நாள்தான். ஞாயித்துக்கிழம காலையில திருப்பிக் குடுத்துட்டான்.”

பின்னால் நின்றவர்களில் யாரோ “ஐயோ” என்றார்கள்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு,” என்று ஹனீபா ஆரம்பித்தார். “தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். குரூப்புல ஒரு மெசேஜ் போட்டுடறேன் அக்கா.”

“மெசேஜ் வேணாம். வாயத் தொறந்து இங்கயே சொல்லுங்க. அன்னைக்கு இங்க நின்னுதானே பேசினீங்க? சாவிய நீங்க குடுத்தீங்க, அத மறைக்க என் மேல பழி போட்டீங்க, என் வீட்ட மட்டும்தான் சோதன போட்டீங்க. மூணையும் சொல்லுங்க.”

முதலாவதைச் சொன்னார். மூன்றாவதையும் முணுமுணுத்தார். நடுவில் இருந்ததைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நூர்ஜான் நகரவில்லை. போலீஸ் வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டபோதுதான், “பழி போட்டது தப்புத்தான்,” என்றார் அவசரமாக. அதைச் சொன்னபோது அவர் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளை அல்ல.

போலீஸ் நிலையமான பாலாயில் அவளை இருட்டும்வரை உட்கார வைத்து மூன்று முறை ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். சிக்கந்தரைப் பிடித்து நாலு நாள் உள்ளே வைத்தார்கள். அவன் அடையாளம் காட்டியதில் ஃபிக்ரி மறு வாரம் கூலிம் டவுனில் அகப்பட்டான். கடைக்கு சீல் விழுந்தது. ஷாஹிரா போன் செய்து, கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த நீ நல்லா இருக்க மாட்டாய் என்று அழுதுகொண்டே கத்தினாள். “புள்ளைங்கள இங்க கொண்டாந்து விடு, நான் பாத்துக்கறேன்,” என்று மட்டும் நூர்ஜான் சொன்னாள். ஷாஹிரா கொண்டுவந்து விடவில்லை.

நூர்ஜானுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. ஹனீபா கமிட்டியிலிருந்து விலகினார், உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிக்கந்தர் வந்தான். இளைத்திருந்தான். வாசலில் நின்று, “முதல்ல என்கிட்ட தனியா சொல்லிருக்கலாம்லக்கா,” என்றான்.

“உன்கிட்டதான்டா முதல்ல சொன்னேன். நீ சாக்க இழுத்துப் பிடிச்ச.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. மீன் குழம்பை அப்போதுதான் இறக்கியிருந்தாள்.

“உள்ள வந்து உக்காரு,” என்றாள். தட்டை அவன் முன்னால் வைத்த வேகத்தில் சோற்றுப் பருக்கைகள் மேசையெல்லாம் தெறித்தன.