அக்காவின் கறியும் அத்தானின் நைதரசனும்

அத்தானின் பிரிட்ஜ் பழுதாகிவிட்டது என்று கேட்டதும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு ஓடினேன். பிரிட்ஜைப் பற்றி எனக்கென்ன கவலை? அதற்குள் கௌரி அக்காவின் கணவாய்க் கறி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட வருவேன் என்று அக்கா சனிக்கிழமையே சமைத்து வைத்தாள். அன்றிரவே மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் மீன், கணவாய் என்று மச்சம் எதுவும் கூடாது. யாரோ கறியை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு உறைய வைத்தார்கள். அந்தியேட்டி முடிந்து மாதக்கணக்காகியும் அத்தான் அதைத் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. திறந்து பார்ப்பார், மூடுவார்.

கதவைத் திறந்த இராசரத்தினம் அத்தானைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. சாரம் இடுப்பில் நிற்கவில்லை. தேநீரும் பிஸ்கட்டுமாக இருந்தே மனிதர் பாதியாகிவிட்டார்.

"கறி உருகிட்டுது. இனித் திருப்பி உறைய வைக்கேலாது. சூடாக்கித் தாறன், சாப்பிடுங்கோ."

"சாப்பிட்டா என்ன மிஞ்சும், உஷாந்தி?"

உயர்தர வகுப்புக்குக் காலமெல்லாம் உயிரியல் படிப்பித்தவர். துக்கத்தைக்கூடப் பாடமாகத்தான் சொல்ல வரும். வளர்ந்த மனிதனின் உடம்பு புரதத்தைச் சேர்த்து வைக்காதாம். சாப்பாட்டுப் புரதத்தோடு எவ்வளவு நைதரசன் உள்ளே போகிறதோ, அவ்வளவும் வெளியே போய்விடுமாம். வரவும் செலவும் சரி.

"ரெண்டு மூண்டு நாளில கௌரி சமைச்சதெல்லாம் டொய்லெட்டால போயிடும். இப்ப எண்டா ஒரு பெட்டியாவது இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும் அக்கா வேண்டும்போல் இருந்தது.

"எனக்கும் நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள், அத்தான். அந்தக் கணக்கு நிறை கூடாமக் குறையாம இருக்கிற ஆளுக்கு. உங்களைக் கண்ணாடியில பாத்தனீங்களோ? இழந்த தசை திரும்பப் பிடிக்கேக்க, உள்ள போறதில ஒரு பங்கை உடம்பு வெளியில விடாது எண்டும் சொன்னனீங்கள்."

அவர் தன் புயத்தைப் பிடித்துப் பார்த்தார். வகுப்பில் யாராவது சரியான விடை சொன்னால் இப்படித்தான் தானும் ஒருமுறை சரிபார்ப்பார்.

"அப்ப என்னில நிக்குமோ?"

"ஓம். சோத்தோட ஒழுங்காச் சாப்பிட்டா நிக்கும்."

சூடாக்கினேன். அக்காவின் மிளகாய்த்தூள் மணம் எழும்ப, அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்றே நினைத்தேன். வாயும் ஊறியது, கண்ணும் கலங்கியது.

முதல் வாய்க்கே அத்தான் அழுதார். பிறகு பசித்த மனிதராகச் சாப்பிட்டார். பாதியில் நினைவு வந்து தட்டை என் பக்கம் தள்ளினார்.

"உனக்கெண்டு சமைச்சவள். ரெண்டு துண்டு எடு."

"வேண்டாம் அத்தான். என்னைப் பாருங்கோ, வாறதும் போறதும் சரியா இருக்கிற உடம்பு. என்னில நிக்காது."

அவர் மிச்சம் வைக்கவில்லை. பெட்டியைக் கழுவ எடுத்துப்போனேன். மூலையில் கொஞ்சம் குழம்பு ஒட்டியிருந்தது. குழாயைத் திறக்குமுன் விரலால் வழித்து நக்கினேன். எனக்கென்றால் அக்கா எப்போதும் உறைப்பைக் கூட்டித்தான் போடுவாள். இதிலும் கூட்டியிருந்தாள்.

நிற்காவிட்டால் போகட்டும்.