தொப்பி விளிம்பு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வந்து உட்கார்ந்தது. எங்கள் அலுவலகத்தில் பிஸ்கட் வைத்து நல்ல செய்தி சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. போன வருடம் கம்பெனியை வேறு ஆளுக்கு விற்ற அன்றும் இதே பிஸ்கட்தான்.

நாங்கள் காமிக்ஸ் போடுகிறவர்கள். மாதம் ஒரு புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். கடலுக்கு அடியில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் ஒரு தபால்காரரின் கதை. அண்ணன் பென்சிலால் படம் வரைவான். அந்தக் கோட்டின் மேல் நான் மை போடுவேன். மை காய்ந்ததும் ரப்பர் எடுத்து அடியில் இருக்கும் பென்சிலை மொத்தமாக அழித்துவிடுவேன். ஆக, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பார்ப்பது என் கோடு. அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது அண்ணன் பெயர். இதில் எனக்குப் பொறாமையே கிடையாது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் யார் கேட்டாலும், "அண்ணன் கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலக மாட்டேன்" என்று பெருமையடித்துக்கொள்வேன். மை போடுகிறவர்களுக்கு அதுதான் சட்டம்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். பேச்சுக் கட்டத்துக்குள் வசனம் எழுதுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் பலூன். உள்ளே போனவர் நாலு நிமிடத்தில் திரும்பி வந்து தன் பேனாக்களைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"இருபது வருஷமா அடுத்தவன் வாய்க்கு வசனம் எழுதினேம்மா. என் வாய்க்கு ஒரு வார்த்தை வரல."

அடுத்தது நான். கையில் இருபத்திரண்டாம் பக்கம். இடது பாதிக்குத்தான் மை போட்டிருந்தேன், வலது பாதி வெறும் பென்சில். பேனாவைக்கூட மூடாமல் எழுந்து போனேன்.

உள்ளே மனிதவள அதிகாரி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"இது வேலைநீக்கம் இல்ல மேடம். மறுசீரமைப்பு."

"அப்போ திங்கட்கிழமை நான் வரலாமா?"

"இல்ல மேடம்."

"வர முடியாதுன்னா அதுக்குப் பேரு என்னம்மா?"

பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள்.

"உங்க அண்ணனை வெச்சுக்கறோம். சாரோட கோடு எவ்வளவு சுத்தம்! இவ்வளவு சுத்தமா வரையறவர் மேல இன்னொருத்தர் எதுக்கு மை போடணும்னு மேலிடத்துல கேக்கறாங்க. திங்கட்கிழமை பத்து மணிக்கு சார் இங்கேயே கம்ப்யூட்டர் திரையில நேரா வரைஞ்சு காட்டப் போறார். எல்லாரும் பக்கத்துல நின்னு பாக்கப் போறோம்."

பிஸ்கட் தட்டை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் ஒருநாள், அண்ணன் பென்சிலில் தபால்காரரின் தொப்பி விளிம்பு நெளிந்து வந்திருந்தது. அவசரத்தில் வரைந்திருப்பான் என்று நேராக்கிவிட்டேன். அடுத்த மாதம் ஜன்னல் சட்டம் நெளிந்தது. அதற்கடுத்த மாதம் படகு, படிக்கட்டு, கடித உறை. அவன் கை நடுங்குகிறது என்று புரிந்துவிட்டது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவனிடமும் கேட்கவில்லை. நேராக்கி, காயவைத்து, அழித்துக்கொண்டே இருந்தேன். பாசத்தினால்தான் செய்தேன். ஆனால் அவன் வேலை போனால் என் வேலையும் போகும் என்ற பயமும் அதில் சரிபாதி இருந்தது.

'அந்தச் சுத்தமான கோடு என்னுடையதுடி' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அண்ணன் வேலை அந்த நிமிடமே போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பத்து மணிக்கு, அத்தனை பேர் முன்னால் மானத்தோடு சேர்ந்து போகும். மென்று முழுங்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்ததும் இருபத்திரண்டாம் பக்கத்தை மடிக்காமல் பைக்குள் செருகிக்கொண்டேன். திருட்டுதான். வேண்டுமானால் இன்னொரு முறை வேலையை விட்டு அனுப்பட்டும்.

மத்தியானமே எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார இடமில்லை. அண்ணன் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"பாப்பா, நான் பேசறேன். ஆறு மாசம் பொறு. நானே உன்னைத் திரும்ப உள்ளே கொண்டு வந்துடறேன்."

நாற்பதைத் தொடப்போகிறேன், இன்னும் பாப்பா. கம்பியைப் பிடித்திருந்த அவன் வலது கையைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எல்லோருடைய கையும் ஆடத்தான் செய்யும்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அண்ணன், அண்ணி, நான். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேருக்குமா?"

"எனக்கு மட்டும்தான் அண்ணி," என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். உடனே அப்படி விட்டதற்கு வெட்கப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் விட்டிருப்பேன்.

இனியும் தள்ளிப்போட நாளில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருபத்திரண்டாம் பக்கத்தை எடுத்து விரித்தேன்.

"இதைப் பாருண்ணா."

ஒரே நீளமான கட்டம். தபால்காரர் குனிந்து ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறார். இடது பாதியில், என் மையில், தொப்பி விளிம்பு கத்தியால் வெட்டினது மாதிரி நேராக இருந்தது. வலது பாதியில், அவன் பென்சிலில், அதே விளிம்பு நெளிந்து நெளிந்து போனது.

அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். விரலை மையின் மேல் வைத்துப் பென்சில்வரை நகர்த்தினான்.

"எல்லாப் பக்கமும் இப்படித்தானா?"

"இப்போ எல்லாப் பக்கமும். திங்கட்கிழமை நீ அங்கே வரைஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. ஒரு வாரம் தள்ளினா வேற வழி யோசிக்கலாம். நான் ராவும் பகலும் உக்காந்து..."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கயிறு கட்டிய புத்தகக் கட்டு இருந்தது. இரண்டு வருடத்து இதழ்கள். ஒன்றைப் பிரித்துக் காட்டினான். தொப்பி விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் அவன் கையெழுத்தில் 'சரி'. அடுத்ததிலும் வட்டம், 'சரி'. அதற்கடுத்ததிலும்.

"ஒரு டாக்டர்கிட்ட போனேன் பாப்பா, ரெண்டு வருஷம் முன்னாடி. லேசா நடுக்கம் இருந்துச்சு. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது, உங்க கோட்டை மாசா மாசம் பாருங்க, மோசமானா அந்த வாரமே வாங்கன்னார். ஆரம்பத்துலயே மருந்து குடுத்தா கையைப் பிடிச்சு நிறுத்திடலாம்னார்."

"உன்கிட்ட சொல்ல வேண்டாம், நீ பயந்துடுவேன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அண்ணி.

"பென்சில்ல ஆடறது தெரியத்தான் செஞ்சுது," என்றான் அண்ணன். "பென்சில்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அச்சுல பாத்தா ஒவ்வொரு மாசமும் நேரா இருந்துச்சு. நீதான் என் கோட்டை விட்டு மயிரிழைகூட விலக மாட்டியே."

அவன் குத்திக்காட்டவில்லை. நம்பியதைத்தான் சொன்னான். அவன் கையை நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாகத்தானே நினைத்திருந்தேன்! என் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவன் 'சரி' போட்டிருக்கிறான். எனக்கு அழக்கூட யோக்யதை இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அழுதேன்.

அண்ணிதான் போனை எடுத்தாள். டாக்டர் நம்பரை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் இடம் இருக்காம். அதை விட்டா அடுத்த மாசமாம்."

திங்கட்கிழமை பத்து மணி. டாக்டரிடம் போனால் நடுக்கம் காப்பீட்டுக் காகிதம் வழியாக அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், வேலை இருக்காது. வேலை இல்லையென்றால் கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடும் இருக்காது. என் காப்பீட்டைக் காலையிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். இவனுடையதும் போனால் மருந்துக்கு எங்கே போவது?

"எப்படியாவது சமாளிச்சு நீ திரையில உக்காரு," என்றேன். "நான் பலூன் அண்ணன்கிட்ட சொல்லி வேற டாக்டர் யாராவது..."

"வரேன்னு சொல்லு," என்றான் அண்ணன், என்னைப் பார்க்காமல் அண்ணியிடம்.

அண்ணி மறுபடி காதில் வைத்துக் கேட்டாள். முகம் சுருங்கியது.

"எப்போலேருந்து மோசமாச்சுன்னு கேக்கறாங்க. பதிஞ்சுக்கணுமாம்."

அண்ணன் இதழ்களைப் புரட்டினான். எல்லாவற்றிலும் 'சரி' என்றுதான் இருந்தது. வட்டம் போட்டவனுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் படுக்கிறவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பத்தொன்பது மாசம்," என்றேன்.

அண்ணி அதை அப்படியே போனில் சொன்னாள்.