சுத்தமான காற்று

லாரியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த லோஷினி, பாதியில் நிறுத்திவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தாள். அவளுடைய கம்பெனி சீனியர் ரபீக்கிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"எங்கண்ணன் அங்க கிடக்கு, பொண்ணு போனையே பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள் மலர் அத்தை, யாரிடமோ சொல்வதுபோல.

லோஷினி அடுத்த நாற்காலியை இறக்கினாள். கூடத்துக்குள் போனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். காலையிலிருந்து வாசலிலேயே ஏதாவது வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

அப்பா காளியப்பன் மலேசியாவில், மூவாருக்கு வெளியே ஒரு மேசை நாற்காலி தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். பலகை காயவைக்க, மரத்துண்டுகளை எரிக்கும் பாய்லர். நேற்று மதியம் அந்த அறையில், டீ பாதியில் ஆறிக்கிடக்க, நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்றார்கள். அம்மா நம்பினாள்.

லோஷினியால் நம்ப முடியவில்லை. அந்த அறைச் சுவரில் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. நேற்று அது கத்தவில்லை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. பலவீனமான இதயம்தான் அதற்கு முதலில் தோற்கும். போன மாதம் அந்தக் கருவியின் அளவைச் சரிபார்த்தது அவள்தான். ரபீக் உடன் வராமல் அவள் தனியாகச் செய்த முதல் வேலை.

முதலில், பாட்டிலில் அடைத்த சுத்தமான காற்றைக் காட்டி, இதுதான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லவேண்டும். பிறகு அளவு தெரிந்த வாயுவைக் காட்டி, எண் ஆடாமல் நின்றதும் பதியவேண்டும். அறைக் காற்றையே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பாய்லர் எரியும்போது அதில் கொஞ்சம் வாயு கலந்திருந்தால், அன்றிலிருந்து கருவி குறைத்தே சொல்லும்.

அன்று அப்பா வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தோடு கதவருகில் நின்று, "மீ கோரேங் ஆறிப்போவுதும்மா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காற்றுப் பாட்டிலின் வால்வைத் திறந்தேனா? திறந்ததாகத்தான் நினைவு. ஆனால் மாலைப் பயிற்சி வகுப்பிலும் எத்தனையோ முறை திறந்திருக்கிறாள். கையில் இருக்கும் அந்தத் திருகல் எங்கே நடந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"மிஷின் கத்தலன்னா நான் நிம்மதியா உக்காந்து டீ குடிப்பேன். என் மக வச்சது லா" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

அத்தையின் கணவர் மகேஸ்வரன் வந்து அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கிக்கொண்டார். "அந்த மாதிரி மிஷினெல்லாம் எப்பெப்ப பாப்பீங்க?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ, மாமா. செஞ்ச கம்பெனி சொல்றதுதான் கணக்கு. புகை, தூசி ஜாஸ்தின்னா இன்னும் சீக்கிரம். நடுவுல கேஸ் காட்டி, கத்துதான்னு மட்டும் பாத்துக்குவோம்."

"வருசத்துக்கு ஒரு தடவ பத்தாதா?"

"சென்சருக்கு வயசாயிரும் மாமா. சும்மா மாட்டியிருந்தாலே."

"உங்கப்பன் கிளினிக் பக்கம் போயி ரெண்டு வருசமாச்சு. ஹார்ட் மாத்திரைய சட்டப் பையில வச்சிக்கிட்டு ஊர சுத்துவான்." மாமா சிரிக்கப் பார்த்து, முடியாமல் நாற்காலியை விரித்துப் போட்டார்.

போன் அடித்தது. லோஷினி வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள்.

"பாய்லர் ரூம்லதான் நிக்கிறேன்" என்றார் ரபீக். "மொதலாளி தவுக்கே பாய்லர அணைக்க சொல்லிட்டாரு. நீ அங்க அம்மாவ பாரு. இந்த மிஷின நான் சரி பண்ணி வச்சிர்றேன்."

"சரி பண்ணாதீங்கண்ணே. பூஜ்யம் பட்டன அமுக்கிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அமுக்க வேணாம். எப்படி இருக்கோ அப்படியே விட்டுட்டு, பாட்டில் காத்த மட்டும் காட்டுங்க. என்ன நம்பர் வருதுன்னு சொல்லுங்க."

ஒருமுறை அமுக்கிவிட்டால், நேற்றுவரை கருவி எப்படி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. அவளைக் காப்பாற்ற, அதற்காகவே அவர் முந்திக்கொண்டாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போற?"

"காட்டுங்கண்ணே."

எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால், அன்று அறைக் காற்றைத்தான் சுத்தம் என்று சொல்லியிருக்கிறாள். வால்வு சீறுவது கேட்டது. யாரோ மாலையோடு உள்ளே போனார்கள். அம்மாவின் அழுகை உயர்ந்து அடங்கியது.

"பூஜ்யம்."

"இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் லா. பூஜ்யம்தான். ஆடவே இல்ல."

"இப்ப கேஸ்."

சிறிது நேரத்தில் போனுக்குள்ளிருந்து கருவி வீறிட்டது. "பாட்டில்ல போட்டிருக்கறதுதான் வருது" என்று ரபீக் அந்தச் சத்தத்துக்கு மேல் சொன்னார். "கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னடி சத்தம் அது?"

"அப்பாவோட மிஷின், அத்த. நல்லாருக்கு."

சத்தம் தானாக ஓயும்வரை கேட்டுவிட்டு, முகம் கழுவி உள்ளே போனாள். அம்மா செல்வராணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"டீயக்கூட முழுசா குடிக்கலையாம்டி."

"குடிச்ச வரைக்கும் நிம்மதியாத்தான் குடிச்சிருப்பாரும்மா."

அப்பாவின் மூக்கில் வைத்திருந்த பஞ்சு ஒரு பக்கம் நழுவியிருந்தது. லோஷினி குனிந்து, ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினாள். கையை எடுத்த பிறகும், அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.